நாற்பத்தேழாம் பக்கத்து ஜனங்கள்

மணற்கழி முகத்துவாரத்தில் அவர்கள் சேற்றிலிருந்து எழுந்து வந்தது ஒரு புதன்கிழமை, நீர் வற்றியிருந்த முற்பகல் வேளை, ரேஷன் கடைக்குப் பாமாயில் வந்திருந்த நாள் என்பதால் ஊரில் பாதிப் பேர் வரிசையில் நின்றார்கள், மீதிப் பேர் வரிசையில் தங்களுக்காக இடம் பிடித்துக் கிடந்த பைகளைக் காவல் காத்தபடி நின்றார்கள். ஆகவே இருபத்தேழு பேர், நீலம் கலந்த கறுப்புத் தோலும் விரல்களுக்கிடையே சவ்வும் கழுத்தின் இருபுறமும் மும்மூன்று கீறலாகச் செவுளுமாக, அலையாத்திச் செடிகளை விலக்கிக்கொண்டு வந்து கடைசிப் பைக்குப் பின்னால் நின்றபோது, ஊர் அவர்களிடம் கேட்ட முதல் கேள்வி நீங்கள் யார் என்பதல்ல, கார்டு இருக்கிறதா என்பதுதான்.

கார்டு இல்லை. கடைக்காரர் அவர்களைக் கிராம நிர்வாக அலுவலரிடம் அனுப்பினார், அவர் ஆதார் எடுத்து வரச் சொன்னார், ஆதார் எடுக்கும் இடத்தில் ரேகைக் கருவி அவர்களுடைய விரலைப் பார்த்துக் கூவியது, கையைக் கழுவிவிட்டு வாருங்கள் என்றார்கள், போய்க் கழுவிவிட்டு வந்தார்கள், மறுபடியும் கூவியது, சர்வர் கோளாறு என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். டீக்கடையில் அவர்கள் முதல் வாயைத் தரையில் ஊற்றிவிட்டே குடித்தார்கள் என்பதைக் கவனித்த கடைக்காரர், மூன்றாம் நாளிலிருந்து கிளாஸை முக்காலுக்கு நிரப்பி, தரைக்குப் போகவேண்டிய பங்கைத் தானே வைத்துக்கொண்டார். இரண்டு கட்சிக்காரர்கள் ஒரே நாளில் வந்து சால்வை போட்டார்கள். கோயில் நிர்வாகக் குழு அவசரமாகக் கூடி, அவர்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்கள் என்பதைப் பற்றிப் பேசாமல், எவ்வளவு தூரத்தில் நின்று கும்பிட வேண்டும் என்பதைப் பற்றி மட்டும் மூன்று மணி நேரம் பேசி முடிவெடுத்தது. பத்து நாளில் அவர்கள் பழைய ஆட்களாகிவிட்டார்கள்.

எங்கிருந்து வந்தார்கள் என்பது ஊருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள அவசரமும் இல்லை. தெரிந்த ஒரே ஆள் தவமலர். சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் நான்காவது மாடியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அவளுக்கு, அவளுடைய அண்ணன் கலியன் போனில் ஒரு படம் அனுப்பி, "ஊருக்குப் புதுசா ஆளுங்க வந்திருக்காங்க பாப்பா, நம்ம ஜாட இருக்குல்ல?" என்று கேட்டிருந்தான். தவமலர் அந்தப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். ஜாடை மட்டும் இல்லை. மொத்தமும் அவள் எழுதியது.

அவள் வேலை பார்த்த கம்பெனி, பகடை உருட்டி ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு கதையாக ஆடும் விளையாட்டு ஒன்றுக்குத் தடிமனான விதிப்புத்தகம் தயாரித்துக்கொண்டிருந்தது. முதலாளி ஹரிகேஷ், "வெளிநாட்டுக்காரனுக்கு எல்ஃப் இருக்கு, குள்ளர் இருக்கு, ஆர்க் இருக்கு. நம்ம மண்ணுலேர்ந்து நமக்குன்னு ரேஸ் வேண்டாமா?" என்று கேட்டு, நிஜ ஜனங்களின் சரித்திரத்திலிருந்து ஆளுக்கொரு இனம் உருவாக்கச் சொல்லியிருந்தான். ஒருவர் தாத்தா காலத்து வியாபாரிகளை எடுத்து, பொன்னைக் கண்டால் மூக்கு அரிக்கும் பூதங்களாக்கினார். இன்னொருவர் விடுமுறைக்குப் போய்வந்த மலையின் ஆட்களை எடுத்து, பறையடித்தால் வெறிபிடிக்கும் ராட்சதர்களாக்கினார். மனிதர்கள் என்று ஒரு இனமும் புத்தகத்தில் இருந்தது. அதற்கு மட்டும் தனிக்குணம் எதுவும் இல்லை, அவர்கள் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம், என்ன வேண்டுமானாலும் ஆகலாம், கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் தற்செயலாக அவர்களைப் போலவே இருந்தார்கள்.

ஒன்பது வருஷமாக, சொந்த ஊர் எது என்று கேட்டால் பாண்டிச்சேரிப் பக்கம் என்று சொல்லிவந்த தவமலர், அன்றைக்கு முதல்முறையாக, கழிமுகத்தில் கையால் நண்டு பிடிக்கும் ஓதத்தார் என்கிற தன் ஜனங்களைப் பற்றிச் சொன்னாள். மேஜையைச் சுற்றிக் கைதட்டினார்கள். யாரும் தன்னைப் பார்த்துக் கைதட்டி அவள் கேட்டதில்லை. இரண்டு மத்தியான நேரத்தில் ஒரு பக்கம் எழுதி முடித்துவிட்டாள். வளைக்குள் கைவிட்டபடி பல்லிடுக்கில் மெல்லச் சீட்டியடிக்கும் கலியனை எடுத்து, நண்டு மொழி அறிந்தவர்கள் என்று எழுதினாள். முதல் நண்டைத் தண்ணீரிலேயே திருப்பி விட்டுவிடும் அண்ணி வேம்புவை எடுத்து, கடலுக்குப் பலியிடுகிறவர்கள் என்று எழுதினாள். வேற்றாள் எதிரில் அவர்கள் தலை நிமிர மாட்டார்கள் என்று எழுதினாள். அது உண்மைதான், அவளுடைய அப்பா காட்டிலாகா ஆட்கள் முன்னால் அப்படித்தான் நிற்பார், ஏன் அப்படி நின்றார் என்பதற்குத்தான் அந்தப் பக்கத்தில் இடமில்லை.

"தண்ணிக்குள்ள மூச்சு விடுறாங்கல்ல, அப்ப எங்கயாவது கொறைக்கணுமே, பேலன்ஸ் வேணும்," என்றான் ஹரிகேஷ். தவமலரே குறைத்தாள். சிரிக்கத் தெரியாது. பொய் சொல்லத் தெரியாது. இரும்பைக் கண்டால் பயம். ஒரு மூச்சில் மூன்று வார்த்தைக்கு மேல் பேச மாட்டார்கள். அறிவு, மைனஸ் இரண்டு. டீ ஆறுவதற்குள் தட்டச்சு செய்து முடித்துவிட்டாள். ஓதாரியர் என்று பெயர் வைத்து, நாற்பத்தேழாம் பக்கத்தில் அச்சாகி, புத்தகம் கடைக்கு வந்த வாரத்தின் புதன்கிழமையில்தான் அவர்கள் பாமாயில் வரிசையில் போய் நின்றார்கள்.

அண்ணனின் படத்துக்கு அவள் பதில் போடவில்லை. மூன்று வாரம் கழித்து, மகள் விஷயமாகக் கலியனே கூப்பிட்டான்.

"பாப்பா, நம்ம மோகனப்பிரியா மீன்வளக் காலேஜுக்கு எழுதிப் போட்டிருக்காள்ல, கூப்பிட்டுட்டாங்க. சர்ட்டிபிகேட் கேக்குறாங்க. இருவத்திரண்டு நாள்தான் இருக்கு."

ஓதத்தார் பழங்குடி என்று சான்றிதழ் கேட்டு மணற்கழி ஜனங்கள் மனுக்கொடுக்க ஆரம்பித்து முப்பத்தொரு வருஷம். மனு போதுமான அளவு கனத்தபோதெல்லாம், முனைவர் சந்தானகோபாலன் என்கிற இனவியல் ஆய்வாளர் ஒரு ஜீப்பில் வந்து, ஓதத்தார் நிஜமாகவே ஓதத்தார்தானா என்று பார்த்துவிட்டுப் போவார். இந்த முறையும் வந்தார். பள்ளிக்கூட வராந்தாவில் மேஜை போட்டு, ஒரு பக்கம் ஓதத்தாரையும் மறுபக்கம் ஓதாரியரையும் நிற்கவைத்துக் கேள்வி கேட்டார்.

"இரும்பைக் கண்டா பயம் உண்டா?"

"பைக்கு வச்சிருக்கேன் சார்," என்றான் கலியன்.

"சிரிக்கிற வழக்கம் உண்டா?"

கலியன் சிரித்துவிட்டான். முனைவர் குறித்துக்கொண்டார். எதிர்ப்பக்கம் திரும்பி அதே கேள்விகளைக் கேட்டார். இரும்பு என்றதும் இருபத்தேழு பேரும் நடுங்கினார்கள், சிரிப்பு என்றதும் இருபத்தேழு பேரும் தரையைப் பார்த்தார்கள், "நாங்க தண்ணி ஜனம்" என்று மூன்றே வார்த்தையில் பதில் சொன்னார்கள். முப்பது வருஷமாக ஒரு நிஜப் பழங்குடிக்காக ஏங்கிக் கிடந்த முனைவருக்குக் கண்ணில் நீர் முட்டியது. அசல் ஓதத்தார் இவர்கள்தான் என்றும், கலியன் வகையறா அவர்களைப் பார்த்துப் பழகிக்கொண்ட பிறர் என்றும் அன்றைக்கே எழுதிக்கொண்டார்.

இதைக் கேட்டதும்தான் தவமலர் பஸ் ஏறினாள்.

வீட்டு வாசலில் வேம்பு நண்டுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஓதாரியப் பெண் ஒருத்தி அதே வேகத்தில் அதே முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தாள். தாடை வேம்புவுடையது, கண் மட்டும் தரையை விட்டு எழவில்லை. வேம்பு அவளுக்குப் பூங்காவனம் என்று பெயர் வைத்திருந்தாள்.

"பேரில்லாம எப்பிடி சாப்புடக் கூப்புடுறது," என்றாள். பிறகு, நண்டின் கொடுக்கை முறுக்கிக்கொண்டே, "மோகனா உன் புஸ்தகத்த போன்ல எடுத்துப் படிச்சுக் காட்டுனா," என்றாள்.

தவமலர் பையைக் கீழே வைக்கவில்லை.

"எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்க. நான் மொத நண்ட விடுறதெல்லாம் வருது. அது சினை நண்டு, அதான் விடுறேன், பலியும் இல்ல ஒண்ணும் இல்ல, சரி போவட்டும். ஒண்ணுதான் வெளங்கல. அந்த அறிவு மைனஸ் ரெண்டு யாருக்கு? எனக்கா, உங்க அண்ணனுக்கா? இல்ல ஆளுக்கு ஒண்ணா?"

"அண்ணி, அது வெளையாட்டுக் கணக்கு…"

"வெளையாடு. வேணாங்கல. ஆனா உன்னப் படிக்க அனுப்புறதுக்கு உங்க அண்ணன் ஒன்பதாவதோட நின்னான்ல, அந்த ஒண்ணயும் அந்த ரெண்டுல சேத்துட்டியான்னுதான் கேட்டேன்."

கேட்டுவிட்டு எழுந்துபோய் அவளுக்கும் பூங்காவனத்துக்கும் சோறு போட்டாள். பூங்காவனம் முதல் கவளத்தை மண்ணில் போட்டுவிட்டு, பாக்கியை ஒரு பருக்கை விடாமல் தின்றாள்.

அன்று மத்தியானம் தவமலர் ஹரிகேஷுக்குப் போன் போட்டு, அந்தப் பக்கத்தைத் திருத்தி அச்சிட வேண்டும் என்றாள். "நிஜமாவே வந்துட்டாங்களா? போட்டோ எடு, போட்டோ எடு," என்றான் அவன். அவள் திருப்பிச் சொன்னதும் குரல் மாறியது. "இங்க பாரு தவம், யாராவது கேப்பாங்கன்னுதான் அந்தச் சாதி ஆளையே எழுத வச்சோம். பக்கத்துக்குக் கீழ உன் பேரு இருக்கு. இதுக்கு மேல கம்பெனி என்ன மரியாத செய்யணும்?"

மறுநாள் முனைவர் தங்கியிருந்த பயணியர் விடுதிக்குப் போனாள். ஓதாரியர் சேற்றிலிருந்து வந்தவர்கள்தான், ஆனால் தான் எழுதித்தான் வந்தார்கள், ஏசி அறையில் உட்கார்ந்து எழுதியது என்று எல்லாவற்றையும் சொன்னாள். முனைவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க யாரு?"

"நானும் ஓதத்தார்தான் சார். இந்த ஊர்தான்."

"சான்றிதழ் இருக்கா?"

"அது குடுத்தாத்தானே சார் இருக்கும்?"

"அப்ப எந்த அதிகாரத்துல ஓதத்தாரைப் பத்திப் பேசறீங்க?" என்று வருத்தத்தோடு கேட்ட முனைவர், பையிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து நாற்பத்தேழாம் பக்கத்தைத் திறந்து வைத்தார், மஞ்சள் பேனாவால் வரிக்கு வரி கோடு போட்டிருந்தது. "இந்த ஜனங்களைப் பத்தி இதைவிட விரிவான ஆவணம் எங்கயும் கிடையாதும்மா. முப்பது வருஷத்துல நான்கூட இவ்வளவு தெளிவா எழுதலை. நீங்க இதைப் படிச்சுப் பாக்கணும்."

ஒரே ஒரு சலுகை கொடுத்தார்: பதினொன்றாம் நாள் மறுபரிசோதனை.

ஆகவே மணற்கழி ஓதத்தார் ஓதத்தாராக இருக்கப் பயிற்சி எடுத்துக்கொண்டார்கள். வேறு வழி இல்லை என்று முதலில் சொன்னவள் மோகனப்பிரியாதான். அவளே கடையில் சொட்டு நீலம் பாட்டில் பாட்டிலாக வாங்கி வந்து, அப்பாவின் முதுகிலும் பெரியப்பாவின் வழுக்கையிலும் தடவினாள், கண்மையால் கழுத்தில் செவுள் வரைந்தாள், பைக்கின் மேல் தென்னங்கீற்றைப் போட்டு மூடினாள். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தவமலர் பாடம் நடத்தினாள். "அண்ணே, குனி, இன்னும் குனி, அப்பா மாதிரி," என்றாள். கலியன் குனிந்தான். அது அவனுக்குச் சுலபமாக வந்தது, அதைப் பார்த்த அவன் மகள் எழுந்து வெளியே போய்விட்டாள். ஓதாரியர் இருபத்தேழு பேரும் சுற்றி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். நான்காம் நாள் பூங்காவனம் எழுந்துவந்து, வேம்புவின் கன்னத்தில் திட்டுத்திட்டாக இருந்த நீலத்தைத் துடைத்துவிட்டு, சமமாகத் தடவிவிட்டு, தள்ளி நின்று பார்த்து, "இப்ப சரியா இருக்கு," என்றாள்.

மறுபரிசோதனை நாளில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. இரும்பைக் கண்டு நடுங்கினார்கள். பாமாயில் வரிசையில் பழகிய பொறுமையோடு தலைகுனிந்து நின்றார்கள். கலியன் மூன்று மூன்று வார்த்தையாக நாலு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டான். அடுத்து வேம்புவின் முறை.

"உங்க முன்னோர் சட்டை போட்டதுண்டா?" என்று முனைவர் கேட்டார்.

"இல்ல சாமி இல்ல," என்று சொல்ல வேண்டும். வேம்பு வாயைத் திறந்தாள்.

"சட்டையா, எந்தச் சட்டையக் கேக்குறீங்க, முப்பது வருசம் முன்ன நீங்க மொத தடவ வந்தப்ப எங்க மாமனாரு போட்டிருந்தாரே அதையா, பெரிய எடத்து ஆளு வர்றாரு வெறும் ஒடம்போட நிக்கக் கூடாதுன்னு அந்த மனுசன் தபால்காரர்கிட்ட எரவல் வாங்கிப் போட்டுக்கிட்ட காக்கிச் சட்டைங்க அது, கையிகூட மேல ஏறல, அத வச்சு இவங்க நாகரிகமா ஆயிட்டாங்கன்னு எழுதிட்டுப் போனீங்க, அடுத்த தடவ சட்ட இல்லாம நின்னோம், நடிக்கிறாங்கன்னு எழுதுனீங்க, இப்ப நீலத்தத் தடவிக்கிட்டு நிக்கிறோம், அரிக்குதுங்க, ஒங்க ஜீப்பு போன ஒடனே குளிக்கணும், நாங்க யாருன்னு எங்களுக்குத் தெரியும், ஒங்களுக்குத்தான் ஒவ்வொரு தடவையும் மறந்துபோவுது, அறிவுல ரெண்டு கொறைக்கணும்னா எங்கேர்ந்து கொறைக்கிறதுன்னு இப்பதாங்க எனக்கு வெளங்குது!"

பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து, தண்ணீர்க்குடத்தில் காற்று ஏறுவதுபோல ஒரு சத்தம் வந்தது. பூங்காவனத்தின் செவுள் துடித்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். எப்படிச் சிரிப்பது என்று தெரியாததால் செவுளாலும் மூக்காலும் சேர்த்துச் சிரித்தாள்; அவளைப் பார்த்து அடுத்தவன், அவனைப் பார்த்து அடுத்தவள், இருபத்தேழு பேரும் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்கள், கன்னத்து நீலம் கரைய ஓதத்தாரும் சிரித்தார்கள், யார் எந்தப் பக்கம் நின்றவர் என்று தெரியாமல் கலந்துவிட்டார்கள். தவமலர் மட்டும் சிரிக்கவில்லை. புத்தகத்தை மூடி அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

முனைவர் ரொம்ப நேரம் எழுதினார்.

ஆணை ஒரே வாரத்தில் வந்தது, முப்பத்தொரு வருஷத்தில் அத்தனை வேகமாக எந்தக் காகிதமும் அந்த ஊருக்கு வந்ததில்லை. ஜனங்களைக் கூட்டி வைத்து கிராம நிர்வாக அலுவலர் உரக்கப் படித்தார்: முதல் ஆய்வுக்கும் மறு ஆய்வுக்கும் இடைப்பட்ட நாட்களில், எஞ்சியிருந்த இருபத்தேழு அசல் ஓதத்தாரும் சிரிக்கத் தொடங்கித் தங்கள் பண்புகளை இழந்துவிட்ட காரணத்தால், ஓதத்தார் என்னும் இனம் அழிந்துவிட்டதாக இதன்மூலம் அறிவிக்கப்படுகிறது.

"எந்தத் தேதியிலிருந்துங்க?" என்று கலியன் கேட்டான்.

அலுவலர் காகிதத்தைத் திருப்பிப் பார்த்துத் தேதி சொன்னார். போன வியாழக்கிழமை. அன்றைக்கு நல்ல நண்டு கிடைத்தது என்று யாரோ சொன்னார்கள்.

அழிந்த பிறகு அரசாங்கம் அவர்களிடம் மிகுந்த பிரியமாக நடந்துகொண்டது. மோகனப்பிரியாவை அழைத்துக்கொண்டு கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போன தவமலர், சண்டை போடத் தயாராக மனதில் ஏழெட்டு வாக்கியம் அடுக்கி வைத்திருந்தாள், ஒன்றும் தேவைப்படவில்லை. இருக்கிற இனத்துக்குச் சான்றிதழ் கொடுத்தால் நாளைக்கு நூறு பேர் வந்து நிற்பார்கள், அழிந்த இனத்துக்குக் கொடுத்தால் யார் வந்து நிற்கப் போகிறார்கள் என்று கோட்டாட்சியர் கணக்குப் போட்டு, 'அழிந்த ஓதத்தார் இனத்தின் வாரிசு' என்று பச்சை மையில் கையெழுத்திட்டு, "ஐ ஆம் சாரி ஃபார் யுவர் லாஸ்," என்று வேறு சொன்னார். மோகனப்பிரியா நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். கல்லூரியில் இடம் கிடைத்தது. அடுத்த நாள் நூற்றுப்பன்னிரண்டு வாரிசுகள் போய் நின்றார்கள், செவுள் உள்ளவர்களும் இல்லாதவர்களுமாக.

ஹரிகேஷும் கூப்பிட்டான். இரண்டாம் பதிப்பில் ஓதாரியரை அழிந்த இனமாகப் போடப்போவதாகவும், ஒப்பாரி மாதிரி அரைப்பக்கம் வேண்டும் என்றும், அவளைத் தவிர வேறு யாராலும் அதில் உயிரைக் கொண்டுவர முடியாது என்றும் சொன்னான். தவமலர் எழுதவில்லை. வேறு யாரோ உயிரைக் கொண்டுவந்தார்கள், நன்றாகவே வந்திருந்தது.

நினைவுச் சின்னத்துக்கு இடமாக, ஓதாரியர் எழுந்து வந்த சேற்றுத் திடலையே தேர்ந்தெடுத்தார்கள். கருங்கல்லில் ஒரு நண்டும் அதன்மேல் கண்ணீர்த்துளியும் செதுக்கி நட்டு, பந்தல் போட்டு, சிவப்புத் துணி போர்த்திய நாற்காலி வரிசை போட்டு, நல்ல நேரம் பார்த்துக் காலை ஒன்பதரைக்கு விழா வைத்தார்கள். ராகுகாலம் பார்த்தார்கள், அமைச்சருக்கு ஒழியுமா என்று பார்த்தார்கள். பௌர்ணமிக்கு மறுநாள் என்பதை யாரும் பார்க்கவில்லை, அதைப் பார்க்கத் தெரிந்தவர்கள்தான் அழிந்துவிட்டார்களே.

வாரிசுகளுக்கும் அழைப்பு இருந்தது. அவர்கள் பந்தலுக்கு வராமல், தூரத்தில் உயரமாக இருந்த கரைமேல் ஏறி வரிசையாக நின்றார்கள்.

"ஏன் அங்கயே நிக்கிறீங்க? சேர் காலியாத்தானே இருக்கு, வாங்க!" என்று அலுவலர் மைக்கில் கூப்பிட்டார்.

"இருக்கட்டுங்க," என்று கலியன் கத்தினான். "இங்கருந்தே நல்லா தெரியுதுங்க."

தவமலருக்கு மேடையில் இடம். அழிந்த இனத்தை ஆவணப்படுத்தியவர் என்று பெயர்ப்பலகை வைத்து, முனைவருக்கும் அமைச்சருக்கும் நடுவே உட்காரவைத்திருந்தார்கள். பூச்செண்டு கொடுத்தார்கள். முனைவர் பேசும்போது இரண்டு முறை குரல் தழுதழுத்தது. பிறகு எல்லாரும் எழுந்து நின்று இரண்டு நிமிடம் மௌனம் கடைப்பிடித்தார்கள்.

அந்த மௌனத்தில் அவளுக்குக் கேட்டது. சேற்றுக்குள் நண்டு வளைகள் ஒவ்வொன்றாகக் குமிழ் விட்டுக்கொண்டிருந்தன. மேடைக்கு அடியில் ஒன்று, கல்லின் காலடியில் ஒன்று, அமைச்சருடைய வெள்ளைச் செருப்புக்குப் பக்கத்தில் மூன்று. அலையாத்தி வேர்களுக்கிடையே தண்ணீர் சத்தமில்லாமல், அவசரமில்லாமல், தகடுபோல ஏறி வந்துகொண்டிருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் நிமிர்ந்து கரையைப் பார்த்தாள். அங்கே நூற்றுப்பன்னிரண்டு பேரும் வாய் திறக்காமல் நின்றார்கள்; அரசாங்கமே அறிவித்துவிட்ட பிறகு பேசினால் நன்றாகவா இருக்கும். வேம்பு மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், கோபமும் இல்லாமல் கனிவும் இல்லாமல், பஸ் நின்றிருக்கிறது, இவள் ஏறுகிறாளா இல்லையா என்று பார்க்கிறவளைப் போல.

தவமலர் பூச்செண்டை நாற்காலியில் வைத்தாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மேடைப் படியில் இறங்கி, கணுக்கால் நனைய நடந்தாள். மாண்டவர்களுக்கு மரியாதை தெரியாத பெண் என்று முனைவர் கண்ணைத் திறக்காமலே முகம் சுளித்தார். கரைச் சரிவில் வழுக்கியபோது பூங்காவனம் சவ்வுக் கையை நீட்டி இழுத்து, தனக்குப் பக்கத்தில் இடம் விட்டாள். கீழே பந்தலில் முதல் வரிசை நாற்காலி ஒன்று லேசாக ஆடி, மெல்ல எழும்பி, மிதக்கத் தொடங்கியது.

வேம்பு அதைப் பார்க்கவில்லை. தவமலரின் காலைப் பார்த்தாள்.

"இன்னுங் கொஞ்சம் மேல ஏறு," என்றாள். "இங்கயும் வரும்."